பழைய கடை லிஸ்ட்டைக் கேட்காதீர்கள்: செட்டிநாட்டு வியாபாரிகளுக்கும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை வட்டார வணிகர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், என்னைப் போலச் சின்னதாகத் தொழில் நடத்தும் அண்ணன்மார், ஆச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

நான் காரைக்குடியில் பலகாரக் கடை நடத்துகிறேன். பன்னிரண்டு வருடமாகிறது. கல்யாணச் சீர், சாந்தி, சீமந்தம் என்று வீட்டு விசேஷங்களுக்கு மனகோலம், அதிரசம், தேன்குழல், சீப்புச் சீடை, கைமுறுக்கு செய்து அனுப்புகிறோம். அடுப்படியில் ஏழு பெண்கள், பேக்கிங்கில் இரண்டு பேர், ஆர்டரும் கணக்கும் பார்க்க ஒருவர். அந்த ஒருவரோடு எங்கள் வாடிக்கையாளர் பட்டியல் இன்னொரு கடைக்குப் போய்விட்டது. அவரைப் பற்றியும், அவருக்குப் புதிதாக வேலை கொடுத்தவரைப் பற்றியும், என்னைப் பற்றியும்தான் இந்த மடல். யார் பெயரையும் இதில் எழுதப்போவதில்லை. பெயர் சொல்லிச் சண்டை போடுவதற்காக இதை எழுத உட்காரவில்லை.

ஆடியில் எங்களுக்கு வேலை குறைவு. அந்த நாட்களில்தான் பழைய வாடிக்கை வீடுகளைக் கூப்பிட்டு, ஆவணி முகூர்த்தத்துக்கு என்ன தேவைப்படும் என்று விசாரிப்பேன். இந்த வருடம் கூப்பிட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில். "நேத்துதானே உங்க கடையிலேருந்து மெசேஜ் வந்துச்சு, கிலோவுக்கு நாப்பது ரூவா குறைச்சுப் போட்டிருக்கீங்களே?" நான் யாருக்கும் மெசேஜ் அனுப்பவில்லை. முதலில் ஏதோ குழப்பம் என்று விட்டுவிட்டேன். அப்புறம் பள்ளத்தூரிலிருந்து எங்கள் பெரியம்மா போன் செய்தார். "என்னடி, யாரோ என்னைய தேவகோட்டை பெரிய வீட்டு ஆச்சின்னு கூப்பிட்டு மனகோலம் விலை சொல்றாங்க?"

அதைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. பெரியம்மாவுக்குத் தேவகோட்டையில் வீடு கிடையாது. கம்ப்யூட்டரில் முதன்முதலாக வாடிக்கையாளர் பட்டியல் போட்டபோது, சரியாகப் பதிகிறதா என்று பார்க்க பெரியம்மா நம்பரைப் போட்டு "தேவகோட்டை பெரிய வீட்டு ஆச்சி" என்று ஒரு பெயர் வைத்தேன். அந்த வரியை அழிக்க மறந்துபோனேன். உலகத்தில் அந்தப் பெயர் என் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஆக, என் பட்டியல் அப்படியே இன்னொரு கடையில் இருக்கிறது. ஆர்டர் பார்த்த தம்பி எங்களிடம் நாலு வருடம் இருந்துவிட்டு, மூன்று வாரம் முன்புதான் விலகியிருந்தார்.

போனது என்ன என்று சொல்கிறேன். ஏறக்குறைய 2,000 வீடுகளின் பெயர், விலாசம், போன் நம்பர். எந்த வீட்டில் எப்போது என்ன விசேஷம், அடுத்து யாருக்குக் கல்யாண வயது, யாருக்கு அறுபது முடிகிறது. எந்தச் சரக்கை எவ்வளவுக்கு வாங்குகிறோம், ஒரு கிலோவுக்கு அடக்க விலை என்ன, எந்த வீட்டுக்கு எவ்வளவு தள்ளுபடி. மாவு அளவும் பாகுப் பதமும் மட்டும் போகவில்லை, அவை ஏட்டில் இல்லை, எங்கள் தலைமைப் பலகாரக்காரம்மா கையில் இருக்கின்றன.

வியாபாரம் குறைந்தது வலிக்கத்தான் செய்தது. ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. டெலிவரிப் பையனுக்காக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தோம். "ஆயா (பாட்டி) மட்டும் இருப்பார், மதியம் மூணு மணிக்கு மேல் போகவும்." "பிள்ளைகள் சிங்கப்பூரில், பின்கட்டுக் கதவு திறந்திருக்கும்." "தை மாதம் வரை வீடு பூட்டு, சாவி பக்கத்து வீட்டில்." நம் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று உங்களுக்குத் தெரியும். அரண்மனை போல வீடு, உள்ளே வயதான ஒரே ஒரு உயிர். அந்த வீடுகளின் நிலவரம் முழுக்க ஒரே கோப்பில் எழுதி, பூட்டாமல் வைத்திருந்தவள் நான். அந்தக் கோப்பு இன்றைக்கு எத்தனை போனில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

யாரும் கடையை உடைத்து எடுக்கவில்லை. ஹேக்கிங் எதுவும் நடக்கவில்லை. நான் திறந்துவைத்த வழிகளிலேயே எல்லாம் போயிருக்கிறது. கடை வாட்ஸ்அப்பை அந்தத் தம்பி தன் சொந்த லேப்டாப்பிலும் இணைத்து வைத்திருந்தார். வேலைக்கு வசதி என்று நானே சம்மதித்ததுதான். வாட்ஸ்அப்பில் ஒரு நம்பருடன் நாலு சாதனங்கள் வரை இணைக்கலாம், போன் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அவை ஓடும். அவர் விலகிய பிறகும் அந்த இணைப்பை நான் எடுக்கவில்லை, மூன்று வாரமாக எங்கள் ஆர்டர்கள் அங்கேயும் தெரிந்துகொண்டிருந்தன. வாடிக்கையாளர் பட்டியல் கூகுள் ஷீட்டில், லிங்க் உள்ள யாரும் திறக்கலாம் என்கிற நிலையில் இருந்தது. டேலி என்கிற கணக்கு மென்பொருளில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு, அது என் மகன் பெயரும் பிறந்த வருடமும். ராத்திரி பேக்கப் எடுத்த பென்டிரைவ் கல்லாப்பெட்டியில் கிடந்தது.

எங்கள் ஐயா பினாங்கில் ஒரு வட்டிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெட்டியடிப் பையனுக்குக் கடை கூட்டுவதும் கடிதம் கொண்டுபோவதும் வேலை. பிறகு அடுத்தாள், அதற்கு மேலே மேலாள். பேரேட்டில் யார் எழுதலாம், இரும்புப் பெட்டிச் சாவி யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் படிப்படியாகத்தான். ஊரிலிருந்த முதலாளிக்கு ஐந்தொகை (வரவு, செலவு, இருப்புக் கணக்கு) எழுதிப் போகும், அங்கே இன்னொருவர் சரிபார்ப்பார். கடலுக்கு அந்தப் பக்கம் போய்த் தொழில் செய்தவர்கள் ஆளை நம்பித்தான் அனுப்பினார்கள். நம்பியவரிடமும் கணக்குக் கேட்டார்கள், அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்கிற திருமண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போடும் ஊர் இது. எழுத்தில் வைப்பது உறவுக்குக் குறை என்று இங்கே யாரும் நினைத்ததில்லை. நாம்தான் கம்ப்யூட்டர் வந்த பிறகு அதை விட்டுவிட்டோம்.

நம் வீடுகளையே பாருங்கள். வழிப்போக்கர் திண்ணையோடு சரி. வந்தவர் முகப்பு வரை. வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள், சொந்த பந்தம். வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) தனி அறை, தனிச் சாவி. அண்ணன் தம்பியே ஆனாலும் அறைச் சாவி வேறுதான். இந்த ஏற்பாட்டைக் கடைக் கோப்புகளுக்கும் செய்யலாம் என்று பட்டியல் பறிபோன பிறகுதான் எனக்குப் புத்தியில் பட்டது.

இப்போது என் கடையில் இப்படி வைத்திருக்கிறேன். பேக்கிங் செய்கிறவருக்கு அன்றைய ஆர்டர் மட்டும் தெரியும். டெலிவரிக்குப் போகிறவருக்கு அன்றைய விலாசம் மட்டும், அதுவும் அச்சடித்த சீட்டில், சாயங்காலம் சீட்டு திரும்பி வரவேண்டும். "ஆயா தனியாக இருப்பார்" மாதிரிக் குறிப்புகளை அழித்துவிட்டோம். அதற்குப் பதில் "போகும் முன் போன் செய்யவும்" என்பது போதும். அடக்க விலைக் கோப்பு என்னிடமும் ஆடிட்டரிடமும் மட்டும். டேலியில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர், தனிப் பாஸ்வேர்டு. பில் போடுகிறவருக்கு பில் போடும் இடம் மட்டும் திறக்கும். எடிட் லாக் இருப்பதால் யார் எதை எப்போது திருத்தினார் என்று தெரிகிறது. டேலிவால்ட் என்று ஒன்று உண்டு, அதைப் போட்டால் கம்பெனித் தரவே பூட்டப்பட்டுவிடும், பென்டிரைவில் எடுத்துப்போனாலும் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காது. ஆனால் அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் மீட்க வழியே கிடையாது. நான் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வீட்டுப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

கூகுள் ஷீட்டில் பொது லிங்க்கை மூடிவிட்டு, பெயர் சொல்லிச் சிலருக்கு மட்டும், அதுவும் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தேன். பார்ப்பவர் டவுன்லோட் செய்யவோ அச்செடுக்கவோ நகலெடுக்கவோ முடியாதபடி அதிலேயே வசதி இருக்கிறது. திரையைப் போனில் படம் பிடிப்பதைத் தடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் ஒருவருக்கு ஒரு நேரத்தில் இருபது வரிதான் தெரியும் என்றால், 2,000 வீடும் ஒரே நொடியில் போகாது. கடைக் கம்ப்யூட்டரில் ஊழியர்களுக்குச் சாதாரணப் பயனர் கணக்கு, நிர்வாகிக் கணக்கு எனக்கு மட்டும். விண்டோஸ் புரோ பதிப்பில் பென்டிரைவ் வேலை செய்யாதபடி அமைக்கலாம், பிட்லாக்கர் போட்டு டிஸ்க்கையே பூட்டலாம். தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒரு மணி நேரத்தில் செய்துகொடுத்தார். கூகுள் கணக்குக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டாயிற்று.

வேலையை விட்டுப் போகிறவர் நகலெடுப்பதோடு நிறுத்தாமல் அழித்துவிட்டும் போகலாம். தவறுதலாகக்கூட அழியலாம். அதனால் மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனத்தில், ஒன்று கடைக்கு வெளியே. இது உலகமெங்கும் சொல்லப்படும் வழிமுறை. எனக்கு அது கடைக் கம்ப்யூட்டர், வீட்டுப் பீரோவில் ஒரு ஹார்டு டிஸ்க், இணையத்தில் ஒரு பிரதி. பென்டிரைவைக் கல்லாப்பெட்டியில் போடும் பழக்கம் முடிந்தது.

ஒருவர் விலகும் நாளில் செய்யவேண்டியதைத் தாளில் எழுதி அடுப்படிச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று. வாட்ஸ்அப் இணைப்புகளைப் பார்த்து வெளியேற்றுவது, கூகுளில் சாதனப் பட்டியலைப் பார்ப்பது, டேலிப் பயனரை நிறுத்துவது, பொதுவான பாஸ்வேர்டு ஏதாவது இருந்தால் மாற்றுவது, சாவி வாங்குவது. அன்றைக்கே. மறுநாள் இல்லை. அன்றைக்கே அவருக்குச் சேரவேண்டிய சம்பளத்தையும் கொடுத்துவிடுவது. இது கடைசியாக வந்தாலும் சிறிய விஷயம் இல்லை. பாக்கிச் சம்பளத்துக்கு அலையவிடப்பட்ட மனிதர் கடைக்கு விசுவாசமாக இருப்பார் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை?

பெரியம்மாவின் நம்பர் தற்செயலாகக் காட்டிக்கொடுத்தது. இப்போது வேண்டுமென்றே அப்படி நாலு பெயர்களைப் பட்டியலில் கலந்து வைத்திருக்கிறேன், எல்லாம் சொந்தக்காரர்களின் நம்பர்கள். நீங்களும் செய்யுங்கள். காசு செலவில்லை.

இது பலகாரக் கடைக் கதை மட்டும் இல்லை. ஆத்தங்குடியில் தரைக் கல் (டைல்ஸ்) செய்யும் பட்டறைகளில் ஆர்க்கிடெக்ட் அனுப்பிய வீட்டு வரைபடங்கள் இருக்கின்றன, எந்த அறை எங்கே என்று அளவோடு. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக்கியவர்கள், வெளிநாட்டு விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசுக்குப் படிவத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதற்காகப் பாஸ்போர்ட், விசா நகல்களை வாங்குகிறார்கள். அவை வரவேற்பறைக் கம்ப்யூட்டரில் எத்தனை வருடமாகக் கிடக்கின்றன? நகைக் கடை, அடகுக் கடை, ஆடிட்டர் ஆபீஸ் எல்லாவற்றிலும் ஆதார், பான் நகல்கள். கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்ல விஷயம். அது கண்டாங்கி என்ற பெயரைக் காக்கும். உங்கள் ஆர்டர் புத்தகத்தைக் காக்காது.

சட்டம் பற்றி வக்கீலிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். நம் நாட்டில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 289ஆவது அறிக்கையில் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆவது பிரிவின்படி, உரிமையாளர் அனுமதி இல்லாமல் தரவை நகலெடுத்தால் இழப்பீடு கேட்கலாம். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பு அலுவலராக இருந்து விசாரிக்கலாம். கெட்ட நோக்கத்தோடு செய்தால் 66ஆவது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். புகாரை சைபர் கிரைம் இணையதளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். பணமும் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யவேண்டும்.

ஆனால் சாட்சியம் வேண்டும். பட்டியல் போனது தெரிந்த அன்று ஆத்திரத்தில் நான் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யச் சொல்லிவிட்டேன். அதைச் செய்திருக்கக் கூடாது. எந்தக் கணக்கிலிருந்து எப்போது எடுக்கப்பட்டது என்று காட்டும் தடயமெல்லாம் அதோடு அழிந்தது. மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்க பாரதிய சாட்சிய சட்டம் 63ஆவது பிரிவில் சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் மதிப்பு என்கிற எண்ணையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்) குறிப்பிட வேண்டும். உங்களுக்கு இப்படி நடந்தால் கம்ப்யூட்டரைத் தொடாமல் நிறுத்தி வையுங்கள். வந்த மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். முதல் போன் வக்கீலுக்குப் போகட்டும்.

எழுத்தில் ஒப்பந்தமும் வேண்டும். என்னிடம் இல்லை. கோப்புகள் கடையுடையவை, வேலைக்காக மட்டும் பயன்படுத்துவேன், விலகும்போது நகல் வைத்திருக்கமாட்டேன் என்று தமிழில் ஒரு பக்கம் போதும். ஆனால் விலகிய பிறகு இந்த ஊரில் பலகாரக் கடையே வைக்கமாட்டேன் என்று எழுதி வாங்க நினைக்காதீர்கள். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆவது பிரிவின்படி அது செல்லாது. சட்டம் இருக்கட்டும், நியாயமும் இல்லை. நாலு வருடம் நின்று கற்றுக்கொண்ட தொழில் அவருடையது. அந்தத் தம்பி நாளைக்கே எங்கள் கடைக்கு எதிரில் கடை போட்டிருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது, சொல்லவும் கூடாது. கையில் இருக்கும் திறமை அவருக்கு. ஏட்டில் இருக்கும் வீடுகள் அவருக்கு இல்லை. எனக்கும்கூட இல்லை, அந்த வீட்டுக்காரர்கள் என்னை நம்பிக் கொடுத்தது அது.

இப்போது சங்கப் பொறுப்பாளர்களிடம் நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அந்தத் தம்பியை ஒருநாள் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அழுதுவிட்டார். "புது முதலாளி வேலைக்குச் சேரும்போதே கேட்டாருக்கா, உன் பழைய கடை லிஸ்ட்டு இருக்கா, இருந்தா ரெண்டாயிரம் கூடத் தர்றேன்னு." அவர் செய்தது தப்புதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவர் நம்மில் ஒருவர். கேட்காத கடை எத்தனை? ஆள் எடுக்கும்போது "வரும்போது நாலு பார்ட்டியைக் கூட்டிக்கிட்டு வருவியா" என்பதைத் திறமைச் சோதனை மாதிரி நாம் கேட்டுப் பழகிவிட்டோம். வாங்க ஆள் இருப்பதால்தான் எடுக்கிறார்கள்.

வாங்குகிறவருக்கும் சட்டம் உண்டு. திருடப்பட்ட கணினி வளத்தைத் தெரிந்தே நேர்மையில்லாமல் பெற்றுக்கொண்டால், அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66பி பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கணினி வளம் என்பதில் தரவும் அடக்கம். இதற்கு மேல் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. தரவைக் காக்க நியாயமான ஏற்பாடு செய்யாதவருக்கு அபராத உச்சவரம்பு 250 கோடி. தரவு கசிந்தால் அந்தச் சட்டத்தின்கீழ் அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும், சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்லியாக வேண்டும்.

ஆகவே சங்கம் செய்யவேண்டியது இது. பழைய கடையின் பட்டியலை எந்த உறுப்பினரும் கேட்கமாட்டோம், கொண்டுவந்தாலும் வாங்கமாட்டோம் என்று ஒரு தீர்மானம் போட்டு, ஒவ்வொரு கடையிலும் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பக்க ஒப்பந்த மாதிரியை வக்கீலை வைத்துத் தமிழில் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள், சின்னக் கடைக்காரர் தனியாக வக்கீலுக்குச் செலவழிக்க மாட்டார். இன்னாரை வேலைக்கு எடுக்காதே என்று கறுப்புப் பட்டியல் மட்டும் போடாதீர்கள். அது வேலைக்காரப் பிள்ளைகளின் பிழைப்பில் கை வைப்பது. அதுபோல, ஊழியர்களுக்குத் தெரியாமல் அவர்கள் போனைத் துழாவுவதும், ஒளித்துவைத்த கேமராவும் வேண்டாம். எதைக் கண்காணிக்கிறோமோ அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் செய்வோம்.

புரட்டாசியில் பெரும்பாலும் முகூர்த்தம் இருக்காது, அடுப்பு ஓய்வாக இருக்கும். அந்த மாதக் கூட்டத்தில் எனக்கு அரை மணி நேரம் கொடுங்கள். சுவரில் ஒட்டிய அந்தத் தாளையும், வக்கீல் எழுதிக்கொடுத்த ஒப்பந்த மாதிரியையும் நூறு பிரதி எடுத்து வருகிறேன். எங்கள் கடைக் கம்ப்யூட்டரைச் சரிசெய்துகொடுத்தவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பட்டியலில் வயதானவர்கள் தனியாக இருப்பதாகக் குறித்திருந்த வீடுகள் 43. போனில் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று நேரில் போய்க்கொண்டிருக்கிறேன். என்ன நடந்தது என்று சொல்லி, மன்னிப்புக் கேட்டு, பலகாரக் கடையிலிருந்து என்று யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டுக் கேட்காமல் கதவைத் திறக்கவேண்டாம் என்று என் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து வருகிறேன். 34 வீடு முடிந்திருக்கிறது. நாளைக்குக் கோட்டையூர் போகிறேன்.

இப்படிக்கு,
காரைக்குடியில் பலகாரக் கடை நடத்தும் உங்களில் ஒருத்தி